மேலாளுக்கு மைத்துனன் கொடுத்தது

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அது குளியலறைச் சுவர். அதனால் அவருக்கு உடம்பு சரியில்லை என்பது அவர் மனைவிக்குத் தெரிந்த அதே வாரத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது. காலையில் நான் பல் துலக்கி முகம் கழுவுவதற்குள் அந்தப் பக்கம் மூன்று தடவை தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். முதலில் தொட்டியில் ஏதோ ரிப்பேர் என்றுதான் நினைத்தேன்.

அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடங்களில் அவரை 'மேலாள்' என்பார்கள். மேலாளர் வேறு, மேலாள் வேறு. மேலாளர் கீழே தகரக் கொட்டகையில் மின்விசிறிக்கு அடியில் இருப்பார். மேலாள் அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்காருகிற கண்ணாடிக் கூண்டில் இருப்பார். "அந்த 'ர்' இல்லாததுக்குப் பதிலாத்தான் எனக்குக் காத்து கிடைக்குது" என்பார் அவர். பதினேழு வருஷமாக அதே வேலை. காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் பன்னிரண்டுக்குத்தான் இறங்குவார். அதுவரை தண்ணீரைக்கூட வாய் நனைகிற அளவுக்குத்தான் குடிப்பார். ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டிருப்பது அவருக்கு ஒரு பெரிய விஷயமாகவே இருந்ததில்லை.

கீழேயிருந்து அவருக்குச் சைகை சொல்பவன் அவர் மனைவியின் தம்பி. அவனை எல்லோரும் 'சிக்னல்' என்றே கூப்பிட்டார்கள். கூண்டிலிருந்து பார்த்தால் பாதி இடம் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். கொக்கியில் தொங்கும் சுமை எங்கே இறங்குகிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. வாக்கிடாக்கியில் சிக்னல் சொல்வதுதான் கண். "இடது... இன்னும் இடது... நிறுத்து... மெல்ல இறக்கு." நாள் முழுக்க இப்படிப் பேசிக்கொண்டிருப்பவர்கள், வீட்டில் சந்தித்தால் ஒருவரை ஒருவர் காலை வாரிவிடுவதைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார்கள். சிக்னல் தின்பதற்கென்றே பிறந்தவன். அவன் அக்கா வீட்டுக்கு வந்தால் பழக்கூடை காலி. மேலாள் சொல்வார், "என் மாப்ளைக்கு வயிறு ஒரு பக்கம்தான் திறந்திருக்கு, மறுபக்கம் குடோன்."

நோய் வந்தது அவருக்கு நாற்பது முடிந்த வருஷத்தில். முதலில் வயிறு இழுத்துப் பிடித்தது. பிறகு ரத்தம். வெளியே சொல்லவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஒரு மாதம் ஓட்டினார். கழிப்பறைக்கு ஓடுவது ஒரு நாளைக்கு ஏழு, எட்டு, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போனது. வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு இரண்டு நிமிடம்கூடக் கையிருப்பு இல்லை. ஏணியில் இறங்க எட்டு நிமிடம் ஆகும்.

ஒரு நாள் முற்பகல். கான்கிரீட் நிரம்பிய வாளி கொக்கியில் தொங்குகிறது. கீழே ஐந்து பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள். வயிறு முறுக்கியது. அவர் அந்த வாளியைச் சரியான இடத்தில், ஒரு விரற்கடை பிசகாமல், இறக்கி முடித்தார். பிறகு வாக்கிடாக்கியை எடுத்து, தாழ்ந்த குரலில், "மாப்ள, என்னால இறங்க முடியாது. ஆயிடுச்சு" என்றார்.

கீழே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சிக்னலின் குரல் முழங்கியது. "மேல காத்து அதிகமா இருக்கு! கிரேன் நிறுத்துறோம்! எல்லாரும் தள்ளிப் போங்க!"

இன்ஜினியர் கொட்டகையிலிருந்து வெளியே வந்து பார்த்தார். கம்பெனிக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. ஒரு இலை அசையவில்லை.

"எங்கய்யா காத்து?"

"மேல சார். அறுபது மீட்டர் மேல. அங்க வேற காத்து."

இன்ஜினியர் கொடியைப் பார்த்தார், சிக்னலைப் பார்த்தார், உள்ளே போனார். சிக்னல் ஒரு பையில் தண்ணீரும் துணியும் மாற்று உடுப்பும் எடுத்துக்கொண்டு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு, அந்த ஏணி முழுவதையும் ஏறினான். அவன் அதுவரை ஏணியில் இளைப்பாறும் முதல் மேடைக்கு மேல் ஏறியதே கிடையாது. உயரம் என்றால் பயம். மேலே போய்ச் சேர்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்ததாம். கூண்டுக் கதவைத் திறந்து பையை நீட்டிவிட்டு, கண்ணை இறுக மூடியபடி, "நான் எதையும் பாக்கல மாமா. பாக்கிற நிலைமையிலயும் இல்ல" என்றான்.

மறுநாள் மேலாள் தானே போய் இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தலைக்கு மேல் நாலு டன் தொங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை நம்பக் கூடாது என்றார். இன்ஜினியர் நல்ல மனிதர். மேலாளைக் கீழே கிடங்குக்கு மாற்றினார். கம்பிக் கயிறுகள், சங்கிலிகள், கொக்கிகள் ஒவ்வொன்றையும் தேய்ந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை. கழிப்பறை பத்து அடி தூரம். மேலே வேறொரு ஆள் ஏறினான். அந்த மாதங்களில் மேலாள் கட்டட வேலை நடக்கும் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார் என்று சிக்னல் என்னிடம் சொன்னான். கழுத்தில் சுளுக்குப் பிடித்தவர் மாதிரி தரையைப் பார்த்தே நடப்பாராம்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுபவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடாதவர். அவர்தான் கணவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே குடல் மருத்துவர் ஒரு பெண்மணி, நரைத்த குட்டை முடி, பேச்சில் அவசரமே கிடையாது. கேமராக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பெருங்குடல் உள்பக்கம் பூரா புண்ணாயிருக்கு. வெளியில இருந்து எந்தக் கிருமியும் வந்து பண்ணல. உங்க எதிர்ப்புச் சக்தியே உங்க குடலைத் தாக்குது."

"வேலியே பயிரை மேயுதுங்கறீங்க" என்றார் மனைவி.

"அதேதான்."

ஸ்டெராய்டு மாத்திரை கொடுத்தார்கள். தின்றால் அடங்கியது, குறைத்தால் திரும்பியது. முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. ராத்திரி தூக்கம் போனது. பதினோரு வயது மகள் ஒரு நாள், "அப்பா, உங்க பழைய மூஞ்சி எப்ப வரும்?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று தண்ணீர் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போன பிறகு மருத்துவர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய ஆராய்ச்சி நடக்கிறது, இருபத்து நாலு நோயாளிகள், சேர விருப்பமா என்றார். இவருடைய மலத்தை ஏற்கெனவே பரிசோதித்திருந்தார்கள். அதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டதாம்.

பித்தநீர் தெரியும்தானே என்று தொடங்கினார். கொழுப்பு செரிக்கக் கல்லீரல் சுரப்பது. அதில் இருக்கும் பித்த அமிலங்கள் வேலை முடிந்ததும் பெரும்பாலும் குடலிலிருந்து திரும்பவும் கல்லீரலுக்கே போய்விடும். கொஞ்சம் மட்டும் தப்பிப் பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கே கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. அதில் சில வகை இந்தப் பித்த அமிலத்தைப் பிடித்து, கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் மாற்றி, வேறு பொருளாக ஆக்கிவிடும். அந்த மாறிய பொருள்களில் சில, குடல் சுவரில் காவல் நிற்கும் எதிர்ப்புச் செல்களோடு பேசக்கூடியவை. அடக்கி வைக்கும் செல்களைப் பெருக்குகின்றன, கண்மண் தெரியாமல் தாக்கும் செல்களைத் தணிக்கின்றன. எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உங்க மலத்துல மாறாத பித்த அமிலம் நிறைய இருக்கு. மாறினது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மாத்துற பாக்டீரியா உங்ககிட்ட ரொம்பக் குறைஞ்சு போயிருக்கு."

"அப்ப கீழ சிக்னல் சொல்ற ஆள் இல்ல. மேல இருக்கறவன் கண்ணு தெரியாம கிரேனைச் சுத்திக்கிட்டு இருக்கான்" என்றார் மேலாள்.

மருத்துவருக்கு அது பிடித்துப்போனது. ஆனாலும் ஒரு முட்டுக்கட்டையும் போட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா அந்த பாக்டீரியா போனதால நோய் வந்துச்சா, நோய் வந்ததால பாக்டீரியா போச்சான்னு எங்களுக்கே இன்னும் உறுதியாத் தெரியாது. அதுக்குத்தான் ஆராய்ச்சி."

சிகிச்சை என்ன என்று கேட்டபோதுதான் கதை சூடு பிடித்தது. ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை எடுத்து, சுத்தமாகக் கரைத்து, வடிகட்டி, இவருடைய பெருங்குடலுக்குள் கீழ்வழியாகச் செலுத்துவார்கள். வாரம் ஒரு முறை, எட்டு வாரம். அந்த நல்ல பாக்டீரியா அங்கே குடியேறுகிறதா என்று பார்ப்பார்கள். கொடுப்பவர் குடும்பத்து ஆளாக இருந்தால் நல்லது.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் குடுக்கறேன்" என்றார் மனைவி, லென்ஸ் தீட்டுகிற அதே நிதானத்தோடு. ஆனால் அவர் அப்போதுதான் சிறுநீரகத் தொற்றுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் தின்று முடித்திருந்தார். அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கும், மூன்று மாதத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று தள்ளிவிட்டார்கள். மகள் சின்னவள். மிஞ்சியது தம்பி.

அக்கா வீட்டுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னபோது சிக்னல் வாயில் வைத்த வாழைப்பழத்தை அப்படியே நிறுத்தினான். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"என்னோடதா? மாமாவுக்கா?"

"ஆமாண்டா."

"பதினாலு வருஷமா இவர் என்னைத் திட்டின திட்டுக்கு..." என்று இழுத்தவன், மேலாளின் உப்பிய முகத்தைப் பார்த்தான். கேலி அங்கேயே நின்றுவிட்டது. "எவ்வளவு வேணும்?" என்றான்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்னு சொல்வாங்க, யோசிச்சுச் சொல்லு மாப்ள" என்றார் மேலாள்.

"இது தனக்கு மிஞ்சினதுதானே மாமா!"

அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். மகள் விக்கல் வரும்வரை சிரித்தாள்.

பரிசோதனைகள் லேசில் முடியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள், நாலு பக்கம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். எந்த ஊருக்குப் போனாய், பச்சை குத்தினாயா, வீட்டில் யாருக்காவது குடல் நோய் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பழம், பயறு, கீரை வாரம் எத்தனை நாள் என்ற இடத்தில் 'எல்லா நாளும், எல்லாமும்' என்று எழுதிக் கொடுத்தான். எல்லாவற்றிலும் தேறினான். அவன் பள்ளிக்கூடத்தில்கூட ஒரே தடவையில் தேறியதில்லை என்று அக்கா சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலைதோறும் ஆஸ்பத்திரி கொடுத்த மூடி வைத்த டப்பாவை ஒரு குளிர்ப்பெட்டிக்குள் வைத்து பைக்கில் கட்டிக்கொண்டு போவான். சில மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஒரு நாள் சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து பைக்கில் இருந்தவர், "ஐஸ்கிரீமா தம்பி?" என்று கேட்டாராம். "இல்லண்ணே, வீட்டுல செஞ்சது" என்று சொல்லிவிட்டு வந்தான்.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மேலாள் ஒவ்வொரு செவ்வாயும் போய் இடது பக்கமாகப் படுத்து, சிகிச்சை முடிந்த பிறகு அரை மணி நேரம் அசையாமல் கிடந்துவிட்டு வருவார். நாலாவது வாரம் பன்னிரண்டு என்பது ஏழானது. ஐந்தாவது வாரம் நாலு. நான் என் பக்கத்துச் சுவரில் காது வைத்துக் கேட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டேன். என் மனைவிக்கும் தினமும் தகவல் சொன்னேன்.

அந்த ஐந்தாவது வாரத்தில்தான் கிரேனில் புதிதாக ஏறியவன் வாக்கிடாக்கியில் கத்தினான். "சிக்னல் என்னய்யா சொல்ற? வாயில என்ன வச்சிருக்க? இடதா வலதா?" கிடங்கில் சங்கிலி பார்த்துக்கொண்டிருந்த மேலாளின் காதில் அது விழுந்தது. சிக்னல் எதையாவது தின்றுகொண்டே பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். சாப்பாட்டு நேரத்தில் தேடிப்போனால், அவன் ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். சிக்னல் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இடது கன்னம் எலுமிச்சம்பழ அளவு வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா?"

"நாலு நாளா. பல்லுதான். ஒண்ணுமில்ல மாமா."

"டாக்டர்கிட்ட போனியா?"

அவன் தரையைப் பார்த்தான். "போனா ஆன்டிபயாடிக் குடுப்பான். அக்காவைத் தள்ளின மாதிரி என்னையும் தள்ளிடுவாங்க. இப்பத்தான் உங்களுக்குக் கொஞ்சம் நின்னிருக்கு. இன்னும் மூணு வாரம்தானே. உப்புத்தண்ணில கொப்பளிச்சுக்கிட்டு இருக்கேன்."

மேலாள் அவன் பக்கத்தில் கம்பிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மாப்ள, மேல இருக்கறவனுக்கு உன் வாய்தான் கண்ணு. நீ இன்னைக்கு இடதுன்னு சொன்னது அவனுக்கு வலதுன்னு கேட்டிருந்தா, கீழ நின்னவன் போயிருப்பான். என் வயித்துக்காக இன்னொருத்தன் உயிரை வைக்காத. உன் பல்லையும் வைக்காத. எழுந்திரு."

அவனைப் பல் மருத்துவரிடம் விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே குடல் மருத்துவருக்குப் போன் செய்தார். சிகிச்சை பாதியில் நின்றது என்றே நினைத்துக்கொண்டு பேசினார்.

மருத்துவர் முதலில் திட்டினார். "சீழ் புடிச்ச வாயோட அவர் கொண்டு வந்திருந்தா நானே வாங்கியிருக்க மாட்டேன். இந்த மாதிரி விஷயத்தை மறைக்கலாமா?" பிறகு குரல் இளகியது. "நீங்க கவலைப்படாதீங்க. முதல் வாரத்துல இருந்தே அவர் குடுத்ததுல ஒரு பங்கை உறைய வச்சிருக்கோம். பல்லு வலி வர்றதுக்கு முன்னாடி குடுத்தது. மூணு வாரம் என்ன, மூணு பேருக்கே போதும். தாராள மனசு உங்க மச்சானுக்கு."

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவர் அதை மனைவியிடம் சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். தம்பிக்கு அக்கா அவித்த ஆப்பிளை மசித்து ஊட்டினார். அவன் பிடுங்கிய பல்லை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினான்.

எட்டாவது வாரம் முடிந்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் பெரும்பாலும் ஆறியிருந்தது. மருத்துவர் இரண்டு வரைபடங்களைக் காட்டினார். முன்பு இல்லாத மாறிய பித்த அமிலங்கள் இப்போது வந்திருந்தன. குடல் சுவரில் எடுத்த துணுக்கில் அடக்கி வைக்கும் செல்கள் கூடியிருந்தன. எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். இருபத்து நாலு பேரில் எட்டுப் பேருக்குத்தான் நோய் அடங்கியது.

"அப்ப எனக்குக் குணமாயிடுச்சா?"

"அடங்கியிருக்கு. திரும்பலாம். மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது, நாங்கதான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். நாலு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். ஆனா இப்போதைக்கு, போய் நல்லாச் சாப்பிடுங்க."

ஸ்டெராய்டு படிப்படியாகக் குறைந்து நின்றது. பழைய முகம் ஒரு பருவம் கழித்துத் திரும்பியது. மகள் இரு கைகளாலும் கன்னத்தை அழுத்திப் பார்த்து, "சரியா இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்தாள். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அவர் கிடங்கிலேயே இருந்தார். அவசரப்படவில்லை. ஒரு தடவைகூட ஓட வேண்டியிருக்கவில்லை என்று ஆன பிறகே உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இன்ஜினியரிடம் போனார்.

திரும்ப ஏறிய முதல் நாள் வேறொரு கட்டடம், வேறொரு கிரேன். நடுமேடையில் நின்று மூச்சு வாங்கினார், முட்டி வலித்தது. கூண்டில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபோது, கை பழையபடி தானாக வேலை செய்ததாம். கீழே ஆரஞ்சுச் சட்டையில் புள்ளியாகத் தெரிந்த சிக்னல் வாக்கிடாக்கியில் கேட்டான்.

"மாமா, மேல எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இடத்தைச் சொல்லு."

மாலை வேலை முடிந்ததும், கிரேன்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, கிரேனைச் சுழலாமல் பிடிக்கும் தடையை விடுவித்து, காற்று எதிர்த்து மோதாமல் இருக்க அதன் நீண்ட கையைக் காற்றின் போக்கில் திரும்ப விட்டுவிட்டு இறங்கினார்.

போன கோடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். ஒன்பது மணி நேரப் பேருந்து, வண்டிக்குள் கழிப்பறை கிடையாது. அவர் மனைவி பழக்க தோஷத்தில் மாற்று உடுப்புப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் சாப்பாட்டுக்காக வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம், சிக்னல் எல்லோருக்கும் முன்னால் நின்றான். மேலாள் இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பட்டுமா என்று நான் கேட்டேன்.

"வேணாம்ணே, தூங்கட்டும்" என்றார் அவர் மனைவி. அந்தப் பையை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டு, சாப்பிட வந்தார்.